பாறைக்குப் போகாதே

17 நவம்பர் 2024, ஞாயிறு

ஊரில் செல்போன் டவர் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. காலையில் அடுப்படியில் நிற்கும்போதே அவர் ஆந்திராவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். பழக்க தோஷம், போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு மேலே இருக்கும் பாறைக்கு ஓடினேன். இத்தனை வருடமாக அங்கே ஏறினால்தானே பேச முடியும்! பாதி வழியில்தான் உறைத்தது, இனி ஓட வேண்டாம் என்று. வித்யாஸ்ரீ வாசலில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். விழுந்த பல்லின் ஓட்டையை அப்பாவிடம் காட்டினாள்.

போர்வெல் வண்டிக்குப் போன மனுஷனை இனி வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம். டவர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

7 டிசம்பர், சனி

சாமை அறுப்பு. வித்யாவைப் போனோடு வீட்டில் விட்டுப் போனேன். சமர்த்தாக இருந்தாள்.

11 ஜனவரி 2025, சனி

மிளகு பறிப்பு தொடங்கியாயிற்று. ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் கழன்றுவிட்டது.

நான் திரும்பி வந்தபோது வித்யா தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோடு பேச்சு என்று கேட்டேன். "சுமித்ரா அக்காம்மா. கேம்ல வரும். ஆறாவது படிக்குது." கூடப்பிறந்தது இல்லாத பிள்ளை, பேச்சுத் துணைக்கு ஒரு அக்கா கிடைத்தாளே என்று இருந்தது. போனோடு பாறைக்கு மட்டும் போகாதே என்று வழக்கம்போல் சொன்னேன். "போவலம்மா, ஊட்டுக்குள்ளயேதான் இருந்தேன்."

20 ஜனவரி, திங்கள்

வித்யா நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். ரோட்டில் பைக் சத்தம் கேட்டால் மிளகு மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். எட்டு வயதில் படுக்கையை நனைக்கிறாள். கண்ணேறு பட்டிருக்கும். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். பட்டென்று வெடிக்கவும் எனக்கு நிம்மதி.

22 ஜனவரி, புதன்

போனைத் திறந்து பார்த்தேன். அடித்துவிட்டேன்.

23 ஜனவரி, வியாழன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

அது அக்காவே இல்லை. எவனோ ஒருத்தன். ஆறு வாரமாகப் பேசியிருக்கிறான். முதலில் பூனைக்குட்டிப் படம் அனுப்பினான். பிறகு உன் ஸ்கூல் சட்டை என்ன கலர், உங்க வீடு எப்படி இருக்கும், நின்னு ஒரு போட்டோ அனுப்பு. இவள் அனுப்பியிருக்கிறாள். வாசலில் நின்று, ஓட்டைப் பல்லோடு சிரித்துக்கொண்டு. அப்புறம் அனுப்பக் கூடாத படம் கேட்டான். இவள் முடியாது என்றிருக்கிறாள். உன் வீடு தெரியும், பைக்கில் வருவேன் என்றான் அந்த நாசமாப் போனவன்.

முடியாது என்று சொன்ன பிள்ளையை நான் அடித்தேன். என்ன ஏது என்று கேட்கவே இல்லை. விளக்குமாற்றால் அடித்தேன்.

"ஏன் கண்ணு எங்கிட்ட சொல்லல?"

சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "சொன்னா உங்கம்மா அடிக்கும்னு அந்த அக்கா சொல்லுச்சு."

அவன் சொன்னது அத்தனையும் பொய். அந்த ஒன்றை மட்டும் நான் உண்மையாக்கிவிட்டேன்.

இன்னொன்றும் கேட்டாள். "நான் பாறைக்குப் போவவே இல்லியேம்மா?" போகவில்லைடி சாமி. ஊட்டுக்குள்ள உக்காந்து என்ன வேணாலும் பாரு, பாறைக்கு மட்டும் போனக் கொண்டு போவாத — நாந்தான சொன்னேன்? அப்போது வீட்டில் சிக்னல் இல்லை. ஏற்றி வைத்த பாட்டும் பொம்மைப் படமும்தான். டவர் வந்து வீட்டுக்குள்ளேயே ஊர் உலகம் நுழைந்த பிறகும் அதே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு சொல் மீறவில்லை. புத்தி எனக்கல்லவா இல்லை?

24 ஜனவரி, வெள்ளி

அவரிடம் சொன்னேன். கத்தினார். "அந்தப் போனத் தூக்கிப் பாறையில அடி, தேன்மொழி. ஆருகிட்டயும் மூச்சு உடாத. பொட்டப்புள்ள."

"ஏனுங்க, தப்புப் பண்ணுனது நம்ம புள்ளையா?" என்றேன். போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

வித்யாவின் பள்ளிக்கூட அம்சவேணி டீச்சரிடம் போனேன். எதையும் அழித்துவிடாதே என்று சொல்லி, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அவரே போன் போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கம் பேசிய பெண் முதலில் கேட்டது, "பாப்பா இப்ப எப்படி இருக்கா?" என்று. நான் இன்னும் கேட்காத கேள்வி. அழுதுவிட்டேன்.

27 ஜனவரி, திங்கள்

நாமக்கல் போய்ப் போலீஸில் புகார் கொடுத்தோம். மலைப் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வித்யா வாந்தி எடுத்தாள். காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி முகம் கழுவிவிட்டேன். "என் போட்டோவ எல்லாரும் பாப்பாங்களாம்மா?" என்றாள். இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்?

போனில் இருந்ததையெல்லாம் படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். அவன் பேசின அந்த கேம் கணக்கை மூட வைப்பார்களாம். ஆள் எங்கே இருக்கிறான் என்று தேடிப் பார்ப்பார்களாம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

கேட்டால் பதில் சொல்கிறாள். தானாக ஒன்றும் சொல்வதில்லை. நான் விளக்குமாற்றை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். கூட்டத்தான்டி எடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

16 மார்ச், ஞாயிறு

ஆளைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.

களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வித்யா போனைக் கையை நீட்டிப் பிடித்தபடி வந்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. "அம்மா, ஆருன்னு தெரியல. நீ பாரு." ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, அவளாக என்னிடம் ஒன்று சொல்லி. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

அவர்தான். கூட வேலை செய்கிறவர் போனிலிருந்து வீடியோவில் கூப்பிட்டிருந்தார். "அப்பாதான் சாமி" என்று நீட்டினேன். உடனே வாங்கவில்லை. உள்ளே போய் என் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். ஒரு பொட்டை உரித்து, கேமராவின் மேல் ஒட்டினாள். நகத்தால் ஓரத்தை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

"பல்லு மொளச்சிருச்சுங்கப்பா. பாதி."

"எங்க, காட்டு கண்ணு. இருட்டா இருக்குது."

"இல்லீங்கப்பா. நான் சொல்றேன், நீங்க கேளுங்க."

"சொல்லு சாமி" என்றார்.

சொன்னாள். பல்லைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி. நான் மிளகைக் கிளறிவிட்டுக்கொண்டே கேட்டேன். பொட்டை எடுக்கச் சொல்லவில்லை.