வராமலே போன வக்கீல் ஐயாவுக்கு

வக்கீல் ஐயா,

இன்று சிரம்பானிலிருந்து கோலா பிலா திரும்பும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் நீலகிரித் தைலப் புட்டியைத் திறந்தார். உடனே நீங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். கோர்ட்டில் பேச எழும் முன் கைக்குட்டையில் கொஞ்சம் விட்டு உறிஞ்சுவீர்களே, அதே நெடி. செத்தவருக்கும் டிக்கெட் கிழிக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். வழக்கமாக என் கிண்டலுக்கு முதலில் சிரிப்பவன் நான்தான். இன்று சிரிப்பு வரவில்லை.

உங்களை நான் முதன்முதல் பார்த்தபோது நீங்கள் அரசாங்க வக்கீல். கீழ்க் கோர்ட்டில் விழுந்தவர்கள் மேல் கோர்ட்டில் எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அன்று விழுந்து கிடந்தவள் என் அம்மா.

அவள் செய்தது இவ்வளவுதான். எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருக்காவது புது நிரை, அதாவது மர வரிசை, பிரித்துக் கொடுத்தால், பால் வெட்டத் தொடங்கும் முன் ஒரு பிடி சோறு கொண்டுபோய் அங்குள்ள முனியாண்டிக்குப் படைப்பார்கள். கொண்டுபோகிறவள் அதைச் சாமி முன்னால் வைக்கும் வரை வாய் திறக்கக் கூடாது. வெள்ளைக்காரர்கள் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்து, நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பருக்கைகூட வெளியே போகக் கூடாது என்றார்கள். மற்றப் பெண்கள் வழக்கத்தை விட்டார்கள். அப்பா போன பிறகு அம்மாவுக்கு முனியாண்டியை விட்டால் துணை கிடையாது. அவள் விடவில்லை.

வேலிக் கதவில் போலீஸ்காரன் கேட்டான்: "இடுப்புல என்னம்மா மூட்டை?" அம்மா பேசவில்லை. "யாருக்குக் கொண்டு போறே?" பேசவில்லை. அவன் கத்தினான். அம்மா முனியாண்டி இருந்த திசையைப் பார்த்தாள். அந்தத் திசையில்தான் காடும் இருந்தது.

இரண்டு வருஷம் ஜெயில். கீழ்க் கோர்ட்டில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு யோசித்துக் கட்டிய கதை என்றார்கள். சிரம்பானில் மேல்முறையீட்டுக்கு வந்தபோது அவள் பேச இடமே இல்லை. அங்கே வக்கீல்கள் மட்டும்தான் பேசுவார்கள் என்று எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சொன்னார். நீங்கள் தைலத்தை உறிஞ்சினீர்கள், எழுந்தீர்கள், இங்கிலீஷில் சொன்னீர்கள். டிரசர் என் காதில் தமிழில் சொன்னார்: "குத்தம் இல்லாதவளா இருந்தா அங்கேயே வாய் தொறந்திருப்பாளாம்."

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. உங்களுக்கு வாதம் நாக்கில் இருந்தது. அம்மாவுக்கு ஜெயிலின் சிமெண்டுத் தரையில் படுத்து முட்டியில் வந்து சேர்ந்தது.

அடுத்த வருஷம் நீங்கள் அரசாங்க வேலையை விட்டு, சிரம்பானில் சொந்தமாகப் பலகை மாட்டினீர்கள். அதே மேல்முறையீட்டு வேலை, நாற்காலி மட்டும் எதிர்ப்பக்கம். கேள்விப்பட்டதும் தோட்டத்தில் பூனைக்காலிக் காய் தேடிப் போனேன். அதன் அரிப்பெடுக்கும் சுணையைத் தீப்பெட்டியில் சுரண்டி எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு கோர்ட்டுக்கு வந்தேன். நீங்கள் கருப்பு அங்கியை வராந்தா பெஞ்சில் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருந்தீர்கள். காலருக்கு உள்பக்கம் தாராளமாகத் தூவினேன். நல்ல வேலைப்பாடு ஐயா, வருத்தமே கிடையாது.

நீதிபதி முன்னால் நீங்கள் நெளிந்தீர்கள். கழுத்தைத் தேய்த்தீர்கள். உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்க, "வெக்கை" என்றீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் வாதாடத் தொடங்கும் வரை.

பகாவ் பக்கத்து ஆள் ஒருவர், சாக்கில் அரிசி வைத்திருந்தவர், போலீஸ் கேட்டபோது பேசாமல் நின்றவர், அன்று உங்கள் கட்சிக்காரர். மௌனம் குற்றம் ஆகாது என்றீர்கள். பயந்தவன் பேசமாட்டான், வழிபாட்டுக்குப் போகிறவர்களும் பேசமாட்டார்கள், இந்தத் தோட்டங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்றீர்கள். இந்த முறை யாரும் என் காதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அதற்குள் அவ்வளவு இங்கிலீஷ் படித்திருந்தேன். அது என் அம்மாவின் கதை. அவளுக்கு எதிராக இருந்தபோது கட்டுக்கதை, உங்கள் கைக்கு வந்ததும் சட்டம். அந்த ஆள் விடுதலையானார்.

வராந்தாவில் என்னைப் பிடித்தீர்கள். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"நீதானாடா?"

"ஆமாங்க ஐயா. குத்தம் இல்லாதவன் வாய் தொறப்பான்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் தொறந்துட்டேன்."

உங்கள் கை என் சட்டையை விட்டது. அம்மாவின் பெயரைச் சரியாகச் சொன்னீர்கள். கருணை மனு எழுதித் தருகிறேன் என்றீர்கள்.

"எழுதுங்க. நீங்க அன்னைக்குச் சொன்னது தப்புன்னும் அதுல எழுதுங்க."

"வக்கீல் சொல்றது வாதம்டா தம்பி. சத்தியம் இல்ல."

"எங்கம்மா உள்ள இருக்கிறது வாதமா, சத்தியமா? சொல்லுங்க லா."

மனு எழுதினீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. அம்மா தண்டனை முடியும் முன்பே வெளியே வந்தாள், நொண்டிக்கொண்டு. அவளுடைய நிரையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். தண்டனை பெற்றவள் என்று தோட்டத்தில் அவளோடு யாரும் பேசுவதில்லை, பயம். நான் மறுபடி உங்களைத் தேடி ஆபீசுக்கு வந்தேன், இந்த முறை தீப்பெட்டி இல்லாமல். எழுதாமல் விட்ட அந்த வரியை வாயாலாவது சொல்லுங்கள் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். உன்கிட்ட இல்ல, உங்கம்மாகிட்ட சொல்றேன். லயத்துல எல்லாரும் கேக்கட்டும்."

"பெரிய மனுசன் வர்றாரு, தரையிலயா உக்காருவாரு?" என்று அம்மா டிரசர் வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவரச் சொன்னாள். வாசலில் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். காப்பி ஆறியது. மத்தியானம் டிரசரே வந்தார்.

"நாற்காலிய உள்ள எடுத்து வைடா. வக்கீல் நேத்தே காலமாயிட்டாரு. மாரடைப்பாம்."

"பாவம், வரணும்னு நெனைச்சாரே. அது போதும்" என்றாள் அம்மா.

எனக்குப் போதாது ஐயா. அவள் வழக்கை அவள் முடித்துக்கொண்டாள். அது அவள் உரிமை. எதிராளி செத்தால் வழக்கும் செத்துவிடும் என்கிறார் டிரசர். என் வழக்கு சாகவில்லை. லயத்தில் எல்லாரும் கேட்க நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தினம் ஒரு வரி யோசித்து, உங்கள் வாயில் வைத்துப் பார்க்கிறேன். இதுவரை எதுவும் பத்தவில்லை.