பாய் மாற்றச் சொன்னார்கள்

அன்பு மகள் ரொஸ்னிதாவுக்கு அப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் அருளால் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. மக்காஸரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம்தானே, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா, குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே.

உன் தந்தி வந்தது. அது என் வீடு, அப்பா எங்கும் போகக் கூடாது என்று அடித்திருந்தாய். தபால்காரர் அதைக் காப்பிக் கடையிலேயே உரக்கப் படித்துவிட்டார், ஊருக்கே தெரிந்துபோயிற்று. நம்மில் வீடு பெண் வழிதானே, அம்மாவுக்குப் பின் உனக்குத்தான், யார் இல்லை என்றது? ஆனால் நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய், இங்கே இருப்பது உன் சித்தி யூலினாரும் நானும் மட்டும். பெண்சாதி போன பிறகு, மாப்பிள்ளையாக வந்தவன் எந்த முகத்தோடு அந்த வீட்டில் சோறு கேட்பது? கல்யாணத்தன்று உன் அம்மா வீட்டார் என்னை அழைத்து வந்தார்கள், இனி என் அக்கா பிள்ளைகள் வந்து அழைத்துப் போக வேண்டும், அதுதானே நம் வழக்கம்.

உன் அம்மா மௌத்தான நூறாம் நாள் ஓதி முடித்ததும் உன் மாமா ஜமாரிஸ் வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "மச்சான், நீங்க போனா எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. யூலினாரும் புருஷன் இல்லாமத்தானே இருக்கா. பாயை மாத்திப் போட்டுடலாம்" என்றார். அக்கா இருந்த இடத்தில் தங்கையை வைத்து மாப்பிள்ளையை நிறுத்திக்கொள்வது நம் ஊரில் புதிதில்லை. உன்னிடம் என்ன மறைப்பு, கேட்டதும் எனக்குப் போன உயிர் வந்தது. பெண்ணுக்காக இல்லையம்மா. நான் வெட்டிய மீன்குளம், நான் வைத்த கறுவாப்பட்டை மரங்கள், உன் அம்மா புழங்கிய அடுப்படி, இதையெல்லாம் விட்டு இந்த வயதில் எங்கே போவேன் என்று கலங்கிக் கிடந்தேன். உடனே தலையாட்ட வெட்கப்பட்டுத்தான் நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

மறுநாள் காலையில் உன் சித்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், தலை நிமிராமலே பேசினாள். "அத்தான், நீங்களே வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் சொன்னா அண்ணன் முகத்துல கரி பூசினதா ஆயிடும். உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அக்கா படுத்த இடத்துல என்னால படுக்க முடியாது" என்றாள். அவள் நல்லவள், பாவம், அவளும் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாளோ.

அன்று மாலையே உன் மாமாவிடம் போய் எனக்கு இனிக் கல்யாண ஆசை இல்லை என்று சொன்னேன். எங்க வீட்டுப் பொண்ணு உங்களுக்கு எதுல குறைஞ்சு போச்சு என்று கேட்டார். வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இப்போது காப்பிக் கடையில் கிழவனுக்குக் குமரி கேக்குது போல என்று சிரிக்கிறார்களாம். சிரித்துவிட்டுப் போகட்டும். வருகிற வெள்ளிக்கிழமை அக்கா பிள்ளைகள் என்னை அழைக்க வருகிறார்கள். அக்கா வீட்டில், அதுதான் உன் அத்தை நூர்சிமா வீட்டில், பெண்களும் அவர்கள் மாப்பிள்ளைகளுமாக ஒரு அறை மிச்சமில்லை. ஆண்பிள்ளைக்கு அம்மா வீட்டில் அறை ஏது, சிறுவயதில் தொழுகைப் பள்ளியில்தான் படுத்தேன், திரும்பவும் அங்கேதான்.

சித்தி மேல் கோபப்படாதே, அவள் சொன்னது உன் மாமா காதுக்கு எந்தக் காலத்திலும் போகக் கூடாது. அவளுக்கு மறக்காமல் கடுதாசி போடு, தனியாக இருக்கப் போகிறாள். உனக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுள் தரட்டும், ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். பெருநாளுக்கு நீ வந்தால் பார்க்க வருவேன். படிக்குக் கீழே நிற்பேன், நீ வெளியே வந்து "ஏறி வாங்கப்பா" என்று வாய்விட்டுக் கூப்பிடு. வீட்டுக்குச் சொந்தக்காரி கூப்பிடாமல் இனி நான் ஏறக் கூடாது.

உன் அப்பா,
தஸ்ரில்