பேச்சிக்கு ஒரு அண்ணி

என் அருமை அண்ணிக்கு,

நம்ம அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துல இன்னும் மழை விடல. போன வருசம் நீங்க கண்ணை மூடுனப்பவும் இப்படித்தான் பெஞ்சுது. லயத்து வரிசை வீட்டுத் தகரக் கூரையில இந்தச் சத்தம் கேட்டாலே அண்ணன் எந்திரிச்சு வெளியில போயிடுறாரு. நான் போறதில்ல. எனக்கு வேலை இருந்துச்சு, அந்த வேலையைப் பத்தித்தான் இந்தக் கடிதம்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். இது நமக்குள்ள இருக்கப் போற கடிதம் இல்ல. உங்க "ஈரப் படங்கு" நாவலோட முதல் பக்கத்துல அச்சாகப் போகுது. அதனால உங்களுக்குத் தெரிஞ்சதையே சில இடத்துல விளக்கிச் சொல்லுவேன். "பள்ளிக்கூடத்து டீச்சர் புத்தி போகுதா பாரு"ன்னு சிரிப்பீங்க. சிரிங்க, பரவாயில்ல.

கொழும்புல இருந்து பதிப்பாளர் எழுதியிருந்தாரு. முதல்ல போட்ட புத்தகமெல்லாம் வித்துப் போச்சாம். இந்தத் தடவை பதிமூணு, பதினாலு வயசுப் பிள்ளைங்க படிக்கிற மாதிரி சுருக்கித் திருத்திக் குடுக்கணுமாம். சின்னப் பிள்ளையும் இல்லாம பெரிய ஆளும் இல்லாம நடுவுல நிக்கிற வயசுன்னு எழுதியிருந்தாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்ம தோட்டத்துல அப்படி ஒரு வயசு எங்க அண்ணி இருக்கு? சிலேட்டைக் கீழ வைச்ச கையோட கொழுந்துக் கூடையை மாட்டி விட்டுருவாங்களே.

இருந்தாலும் ஒத்துக்கிட்டேன். வேற யாராவது கத்தரிக்கோலை எடுக்கிறதுக்கு நானே எடுத்துரலாம்னு தோணுச்சு.

முதல்ல வெட்டுனது அந்தச் சங்கக் கூட்டப் பேச்சு. கோவிச்சுக்காதீங்க. பக்கம் பக்கமா ஒரே ஆள் பேசிக்கிட்டே இருக்காரு. அது சங்கத்துக்காரரான எங்க அண்ணனைக் குளிர வைக்க எழுதுனதுதானே? அவரே இப்ப படிச்சுட்டு, கொஞ்சம் நீளம்தான்னு ஒத்துக்கிட்டாரு. தோட்டத்துத் தொரையோட பங்களாவைப் பத்தின வர்ணனையும் போச்சு. நீங்க அந்த பங்களாவுக்குள்ள போனதே கிடையாது, அது எழுத்துலயே தெரியுது.

ஆனா நம்ம லயத்தைப் பத்தி எழுதுன இடம் வந்ததும் என் கை நின்னு போச்சு. ஒரு வரியை எடுத்தேன். எடுத்த இடத்துல என்னமோ குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, திரும்ப வைச்சேன். அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவுல பேச்சி காலை மடக்கிக்கிட்டு வீட்டுப்பாடம் எழுதுறதை நீங்க நாலே வரியில சொல்லியிருக்கீங்க. அதுல எதை அண்ணி நான் சுருக்குறது? பெருசா எழுதுற ஆளுங்க ஒரு முழு அத்தியாயம் எடுத்துக்குவாங்க.

அத்தியாயமெல்லாம் ஏன் இவ்வளவு சின்னதா இருக்குன்னு பதிப்பாளர் கேட்டிருந்தாரு. நீங்க பிள்ளைக்காம்பராவுல வேலை பார்த்ததை அவருக்குச் சொன்னேன். தாய்மாருங்க மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறப்ப கைப்பிள்ளைங்களை உங்ககிட்ட விட்டுட்டுப் போவாங்க. தொட்டில் கயிறைக் கால் பெருவிரல்ல மாட்டி ஆட்டிக்கிட்டே எழுதுவீங்க, பிள்ளைங்க முழிச்சா பேனாவை மூடிருவீங்க. அவங்க தூங்குன நேரம் அவ்வளவுதான்னு எழுதினேன். அதை அவர் ஏத்துக்கிட்டாரு.

ஆனா ஒரு அத்தியாயத்தை எடுத்தே ஆகணும்னு நின்னாரு. எதுன்னு உங்களுக்குத் தெரியும், பீலிக்கரை அத்தியாயம்தான்.

படிக்கப் போறவங்களுக்குச் சொல்றேன். கதையில பேச்சிக்குப் பதிமூணு வயசு, பிந்திச் சேர்ந்ததால அஞ்சாம் வகுப்புத்தான். படிப்புல கெட்டிக்காரி. சோதனையில தேறிட்டா நுவரெலியாவுல போர்டிங்ல சேர்ந்து மேல படிக்கலாம். அந்த நேரம் பார்த்து அவ பெரிய மனுசியாயிடுறா. வீட்டுல சொன்னா முன் திண்ணை இஸ்தோப்புல ஒரு மூலையை ஓலையால மறைச்சு உட்கார வைப்பாங்க, சடங்கு வைப்பாங்க, அதோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. அடுத்தது கல்யாணப் பேச்சுத்தான். அதனால அவ யாருகிட்டயும் சொல்லல. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவுக்கு ஒத்தாசையா மலைக்குப் போறப்ப இடுப்புல படங்கு கட்டுவா. சேலைக்கும் பாவாடைக்கும் மேல சுத்திக்கிற முரட்டுச் சாக்குதான் படங்கு, அது எல்லாத்தையும் மறைச்சிரும். விடியறதுக்கு முன்னாடி தனியாப் போய், மலையில இருந்து குழாய் வழியா விழுற பீலித் தண்ணியில அதை அலசிட்டு வந்துருவா. ஒரு நாள் கங்காணி பொஞ்சாதி பார்த்துடுது. பிடிச்சு இழுத்துட்டு வந்து லயத்துக்கே சொல்லிருது. சோதனை எழுதாமலே பேச்சி நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு லொறி ஏறி வாழப் போறா. கதை அங்க முடியுது.

அந்த அத்தியாயத்தை எடுத்துட்டுப் படிச்சுப் பார்த்தேன். புத்தகமே நிக்கல. அவ ஏன் பயப்படுறா, ஏன் பொய் சொல்றா, எதுக்குமே பிடிமானம் இல்ல. கல்லு மேல கல்லு அடுக்குற மாதிரி நீங்க எல்லாத்தையும் அது மேலதான் வைச்சிருக்கீங்க. முதல் தடவை படிக்கிறப்ப இந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குப் புரியல. வெட்டப் போனப்பத்தான் புரிஞ்சுது, பெருமையா இருந்துச்சு.

எடுக்க முடியாதுன்னு எழுதிட்டேன். அதுக்கு அவர் போட்ட பதில்தான் என்னை உலுக்கிருச்சு. நல்ல மனுசன், வெட்கப்பட்டு அவர் அதை வேணாம்னு சொல்லல. "பதினாலு வயசுப் பிள்ளை இதைப் படிச்சிட்டு யாரிடம் போய் நிற்கும், டீச்சர்? கதையில் ஒருத்தர்கூட அவள் பக்கம் இல்லையே?"ன்னு கேட்டிருந்தாரு.

நியாயமான கேள்விதானே? கடிதத்தைக் கையில வைச்சுக்கிட்டு அழுதேன். ஏன்னா ஒருத்தர் இருந்தாங்க. நீங்கதான் அவங்களைக் கதையில சேர்க்கல.

இதை இத்தனை வருசமா நான் யாருகிட்டயும் சொல்லாம இருந்தேன். நீங்க பேரை மாத்தி எழுதுன பேச்சி நான்தான். பீலியில அலசுனதும் நான்தான். ஆனா அந்த விடியக்காலையில என்னைப் பார்த்தது கங்காணி பொஞ்சாதி இல்ல. கல்யாணமாகி அப்பத்தான் எங்க லயத்துக்கு வந்திருந்த நீங்க. கையில குடத்தோட நின்னீங்க. நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"சோதனைக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?"

நீங்க படங்கை என் கையில இருந்து வாங்கிக்கிட்டீங்க. "பிள்ளைக்காம்பராவுல நான் கூடை கூடையாத் துணி அலசுறேன். அதுல இதுவும் ஒண்ணு. நீ போய்ப் படி."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் சோதனை முடியுற வரைக்கும் நீங்கதான் அலசுனீங்க. மாரியம்மன் திருவிழாவுக்கு நான் முளைப்பாரி தூக்கணும்னு அம்மா சொன்னப்ப, எனக்குக் கால் சுளுக்குன்னு நீங்களே சொல்லி நீங்களே தூக்குனீங்க. தெரிஞ்சிருந்தா வீட்டை விட்டே துரத்தியிருப்பாங்க, புது மருமக. அந்தப் பயம் உங்களுக்கு இருந்துச்சா அண்ணி? முகத்துல ஒண்ணும் தெரிஞ்சதில்ல.

சோதனை எழுதிட்டு வந்த மறுவாரம், ஒண்ணுமே தெரியாத மாதிரி அம்மாகிட்டப் போய், "அத்தை, உங்க மக பெரிய மனுசியாயிட்டா"ன்னு சொன்னீங்க. அம்மா குலவை போட்டாங்க. அய்யரைக் கூப்பிட்டு நான் வயசுக்கு வந்ததா நீங்க சொன்ன நேரத்தை வைச்சுச் சாதகம் எழுதுனாங்க. சடங்கெல்லாம் முடிச்சு உட்கார்ந்தப்ப சோதனையில தேறுன சேதி வந்துச்சு. போர்டிங்குக்கு அனுப்பச் சொல்லி அண்ணன்கிட்ட மல்லுக்கு நின்னதும் நீங்கதான். பின்னாடி அந்தப் பொய் நேரத்துச் சாதகத்தை வைச்சுத்தான் எனக்கு மாப்பிள்ளையும் பார்த்தாங்க. பொருத்தம் பிரமாதம்னாரு அய்யர். நாம ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சது ஞாபகம் இருக்கா? இந்த நிமிசம் வரைக்கும் எங்க வீட்டுக்காரர் தங்கமான மனுசன்தான்.

நாவல் வந்தப்ப உங்ககிட்ட நான் சண்டை போட்டேன். ஏன் அண்ணி உங்களை விட்டுட்டீங்கன்னு கேட்டேன். "எல்லா லயத்துலயும் ஒரு அண்ணி இருந்தா நான் எதுக்கு இந்தக் கதையை எழுதப் போறேன்?"னு சொல்லிட்டுத் தொட்டிலை ஆட்டப் போயிட்டீங்க. பெரியவங்களுக்கு நீங்க எழுதுன முடிவுதான் சரி. அவங்க வெட்கப்படணும்.

ஆனா இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு அது மட்டும் போதாது. அதனால துணிஞ்சு ஒரு காரியம் பண்ணிட்டேன். பீலிக்கரை அத்தியாயத்துல குடத்தோட ஒரு அண்ணி வர்றாங்க. நீங்க பேசுன மாதிரியே பேசுறாங்க, பேச்சியும் சோதனை எழுதப் போயிடுறா. பேச்சி மாதிரி இருக்கிற பிள்ளை அதைப் படிக்கும். நாளைக்கு இன்னொரு லயத்துக்கு அண்ணியாப் போகப் போற பிள்ளையும் படிக்கும். அவளுக்காகத்தான் முக்கியமா எழுதினேன்.

பதிப்பாளருக்குப் பிடிச்சுப் போச்சு. ஆனா இது கற்பனையா நிஜமான்னு தாய் தகப்பன்மாருங்க கேட்பாங்க, முன்னுரையில சொல்லுங்கன்னாரு. சொன்னா அது நான்தான்னு தெரிஞ்சிரும். அச்சுல வர்றதுக்கு முன்னாடி அம்மாவுக்குத் தெரியணும். அம்மாவுக்குத்தான் எழுத்து தெரியாதே. போன ஞாயித்துக்கிழமை அடுப்புகிட்ட உட்கார்ந்து, அது என் கதைதான்னு சொல்லி அந்த அத்தியாயத்தை நானே வாசிச்சுக் காட்டினேன்.

முடிஞ்சதும் வெத்திலையை மென்னுக்கிட்டே, "அப்ப அந்தச் சாதகம் பொய்யா?"ன்னு கேட்டாங்க.

பொய்தான்னு சொன்னேன். எந்திரிச்சுப் போய் வெத்திலையைத் துப்பிட்டு வந்தாங்க. அப்புறம், "அவ படங்கை வாங்குற எடத்தை இன்னொரு தடவ வாசி"ன்னாங்க. வாசிச்சேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்"னு சொல்லிட்டு, முந்தானையால மூக்கைத் துடைச்சாங்க. "சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும்"னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலம் உங்க படத்துக்கு அம்மா தன் கையால பூ வைச்சாங்க.

ஊருல வேற பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. இலங்கை, இந்தியா ரெண்டு அரசாங்கமும் பேசி முடிச்சுட்டாங்களாம், நம்ம தோட்டத்துச் சனத்துல பாதிப் பேரு இந்தியாவுக்குப் போகணுமாம். இந்தப் புத்தகம் எந்தக் கரையில எந்தப் பிள்ளை கையில போய்ச் சேருமோ, யாரு கண்டா?

நான் இப்ப நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சுக் குடுக்குறேன். அச்சாகி வர்ற முதல் புத்தகத்தைப் பிள்ளைக்காம்பராவுல, நீங்க உட்கார்ந்து எழுதுன அந்தப் பலகை மேல வைப்பேன். அதோட இன்னொரு வாக்கும் தர்றேன். என் வகுப்புப் பிள்ளை எவளாவது விடியக்காலையில பீலிப் பக்கம் தனியா நின்னா, குடத்தைக் கீழ வைச்சுட்டு அவ கையில இருக்கிறதை வாங்கிக்குவேன். சோதனைக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்குன்னு மட்டும்தான் கேட்பேன்.

உங்க நாத்தனார், உங்க கதையில வர்ற
பேச்சி