சித்தியின் ஊசியும் நான் படித்த படமும்

காலேஜில் எலும்பைப் பற்றியே படிக்கும் எலும்புலகப் பேரரசிக்கு, உன்னைத் தோளில் தூக்கித் தூக்கியே கழுத்து உள்ளே போய்விட்ட சித்தப்பா எழுதிக்கொள்வது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், வீடு நலம், உன் சித்தி நலமா என்பதில்தான் எனக்கும் டாக்டருக்கும் ஈரேழு உலகமும் நடுங்கும்படி ஒரு போர் நடந்தது. டாக்டர் மட்டும் உட்கார்ந்தபடியே ஜெயித்துவிட்டார்.

போன தடவை வந்தபோது ஒரு படம் வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாயே, பழைய எலும்பைக் கரைக்கும் செல் ஒரு பக்கம், புதிதாகக் கட்டும் செல் ஒரு பக்கம், ஒன்றுக்கொன்று தகவல் அனுப்புவதாக நடுவே சிலந்தி குடித்துவிட்டுப் பின்னியது போலக் கோடுகள், ஓரத்தில் எலும்புத் தேய்மானத்துக்குச் சித்தி போட்டுக்கொள்ளும் ஊசி, அதைத்தான் சொல்கிறேன். தவணை ஊசிக்கு நாள் வந்ததும், ஊசியிலிருந்து கிளம்பிய கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே, கரைக்கும் செல்லுக்குப் போகிற பாதையில் அது முட்டும் இடம் வரை போனேன். மற்ற கோடுகளுக்கெல்லாம் நுனியில் அம்பு, இதற்கு மட்டும் குறுக்கே ஒரு கட்டை. ஆயுள் முழுக்கக் குழாய் பூட்டியவன் கண்ணுக்கு அது டீ ஜாயின்ட்டாகத்தானே தெரியும்? தண்ணீர் இரண்டு பக்கமும் பாயுமே! அடப்பாவிகளா, கரைக்கிற பயலுக்கு இரட்டைக் குழாயில் விருந்தா என்று பதறி, ஊசி வேண்டாம் என்று முழங்கிவிட்டேன். பொண்ணு வரைஞ்சது பொய்யாகுமா என்று சித்தியும் ஊசிக்குப் போகாமல் இருந்துவிட்டாள்.

நேற்று அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. படத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, ஐயா, இது டீ இல்ல, மூடின வால்வு, கரைக்கச் சொல்லிப் போற உத்தரவை ஊசி அடைக்குது, போட்டுட்டு வந்தவங்க நடுவுல விட்டா அடைச்சதெல்லாம் சேர்ந்து பாஞ்சு முதுகெலும்பே நொறுங்கிடும் என்றார். எக்ஸ்ரேயில் எதுவும் நொறுங்கவில்லை, வெறும் தசைப்பிடிப்புதான். ஆனால் என் உயிர் பாதாளம் வரை போய்த்தான் திரும்பியது.

சரி என்று வாயை மூடியிருக்கலாம், முடியவில்லை. உன் படத்தில் கரைக்கிறவனிடமிருந்து கட்டுகிறவனுக்கும் ஓர் அம்பு போகிறதே, இடிக்கிறவன் கூப்பிட்டால்தானே கொத்தனார் வருவான், இவனை அடைத்தால் அவனும் வேலையில்லாமல் உட்காருவானே என்று கேட்டேன். கட்டுறதும் கொஞ்சம் மெதுவாகும், ஆனா கரையறது அதைவிட ரொம்பக் குறையும், அதனால எலும்பு மிஞ்சும், மீதியை உங்க பொண்ணுகிட்டயே கேளுங்க என்றார். எனக்குத் தலைக்குள் எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் ஒழுகுகிறது. இரண்டு வால்வும் பாதி மூடியிருந்தால் தொட்டி எப்படியம்மா நிறையும்?

உன் பதில் வரட்டும் என்று சித்தியிடம் சொல்லிப் பார்த்தேன். உங்களுக்குப் புரிஞ்சப்புறம்தான் எனக்கு ஊசின்னா அடுத்த ஜென்மத்துலதான் போட்டுக்கணும், வண்டிய எடுங்க என்று வாசலில் நிற்கிறாள். எனக்குப் புரியவில்லை, ஆனாலும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நூறாண்டு நிமிர்ந்து நட, கண்ணு. இனி படம் வரைந்தால் அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் ‘மூடியிருக்கிறது’ என்று கொட்டை எழுத்தில் எழுது. வாசலிலிருந்து சித்தி இரண்டாவது குரலும் கொடுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
சாவியைத் தேடிக்கொண்டிருக்கும் உன் சித்தப்பா