சம்பந்தி பற்றவைத்த பிரேக்

சம்பந்தி,

என் சட்டையில் இரும்பு கருகிய வாசனை இன்னும் போகவில்லை. முந்தாநாள் இரும்பு அறுக்கிற கிரைண்டர் பிடித்தபோது ஏறியது. இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசியாயிற்று. இன்று மடித்த சட்டையை எடுத்து மூக்கில் வைத்தால் விளாங்குடியில் உங்கள் வீட்டு ஷெட் அப்படியே எதிரில் வந்து நிற்கிறது. அந்த வாசனை ஏன் ஏறியது என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும். நீங்கள் கடைசியாகப் பற்றவைத்ததை நான் அறுத்துவிட்டேன். பொறுங்கள், முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வண்டி கட்டுவோம் என்று கல்யாணத்தன்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். என் மகள் சுதாவும் உங்கள் மகனும் தாங்களாகவே முடிவெடுத்துவிட்டு வந்து நின்றார்கள். நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற தறிக்காரக் குடும்பம். நீங்கள் மேற்கே தோட்டம், பம்புசெட், டிராக்டர் என்று இருந்தவர். மண்டபத்தில் நீங்கள் என்னிடம் பேசியது மொத்தம் இரண்டே வார்த்தை. "வாங்க", "சாப்டீகளா". அம்புட்டுதான்.

அப்புறம் ஒருநாள் சுதாவைப் பார்க்க வந்த என்னை ஷெட்டுக்குள் கூட்டிப்போய் உங்கள் போனை நீட்டினீர்கள். "இந்த வண்டியப் பாருங்க சம்பந்தி. மூக்கு எம்புட்டு நீளம்! மூடியே கிடையாது, இன்சினு வெளிய தெரியுது. இதுக்குப் பேரு ஹாட் ராடாம். வீட்லயே கட்டுறாய்ங்க. நம்மளும் ஒண்ணு கட்டுவமா?" அறுபது வயதுக்காரர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. முப்பது வருஷம் விசைத்தறி ஃபிட்டராக இருந்தவன் நான். போல்ட்டு நட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. "கட்டுவோம் சம்பந்தி" என்றேன். ரோட்டில் ஓட்ட விடமாட்டார்கள் என்று உங்கள் மகன் சொன்னதற்கு, "சமயநல்லூர்ல நம்ம தரிசு சும்மாதானடா கெடக்கு, அங்கன ஓட்டிக்கிறோம்" என்றீர்கள்.

என்ன நாட்கள் அவை! பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தை உருவி, முன் அச்சை முன்னால் தள்ளி, தகரத்தை வளைத்து, தட்டி, மறுபடியும் வளைத்து... உங்களுக்கு வெல்டிங், எனக்கு அளவு. சாப்பாடு ஷெட்டுக்கே வந்துவிடும்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. நான் பெண்ணைக் கொடுத்தவன். நீங்கள் எது சொன்னாலும் என் வாயிலிருந்து "சரி சம்பந்தி" மட்டும்தான் வரும். இடம் பத்தவில்லை என்று ஸ்டீயரிங் பாக்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினீர்களே, அன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். சக்கரம் வலப்பக்கம் திரும்பியது. நீங்கள் வந்ததும், "ஒரு தடவ திருப்பிப் பாத்துருவமா சம்பந்தி?" என்று மெல்ல இழுத்தேன். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். சரி சம்பந்தி என்று நானும் துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன்.

சித்திரை வெயிலில் தரிசுக்குக் கொண்டுபோய் இறக்கினோம். நல்லவேளை, ஆள் நடக்கிற வேகம்தான். இடப்பக்கம் ஒடித்தீர்கள். வண்டி வலப்பக்கம் திரும்பி, நேராகப் பக்கத்துத் தோட்டத்து வைக்கோல் போருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. தலையெல்லாம் வைக்கோலோடு இறங்கி அப்படிச் சிரித்தீர்கள். நான் மட்டும் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறிவிட்டது.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தலையை ஆட்டினேன்.

"தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தீக? பொண்ணக் குடுத்த பயமா? அடப் போங்கய்யா! ஷெட்டுக்குள்ள நீங்க பொண்ணு வீடும் இல்ல, நான் மாப்பிள்ள வீடும் இல்ல. தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."

ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றிச் சரியாக மாட்டினோம். அதற்குப்பிறகு என் வாய்க்குப் பூட்டே இல்லாமல் போயிற்று. சைலென்சர் வெளியே தெரியணுமா, ரேடியேட்டர் எத்தனை அங்குலம் பின்னால், பெயிண்ட் கருப்பா சிவப்பா... எல்லாவற்றுக்கும் சண்டை. எனக்குக் கோபம் தலைக்கேறினால் எங்கள் வீட்டு பாஷை வந்துவிடும். "எனக்குப் புரியலேன்னு தைரியமா வையிறீகளாக்கும்" என்று நீங்கள் எகிறுவீர்கள். சுதா போனில் பதறினாள். "அப்பா, மாமாகூடச் சண்டையா?" சண்டையில்லம்மா, சைலென்சர் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரோடும் சண்டை போட்டதில்லை.

தை மாதம் காய்ச்சலோடு வந்து பிரேக் பெடலைத் தாங்கும் பிராக்கெட்டைப் பற்றவைத்தீர்கள். கை நடுங்கியது. நாளைக்குச் செய்யலாம் என்றேன், கேட்கவில்லை. நாலாம் நாள் விடியலில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாப்பிள்ளை ஸ்டீயரிங்குக்கு மாலை போட்டு, வண்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டார். ஆறு மாதம் அது அப்படியே கிடந்தது. கடைசியில் சம்பந்தியம்மாதான் வாய் திறந்தார்கள். "ஒரு தடவயாவது வேகமா ஓட்டிப் பாத்துரணும்னு தவிச்சாக அண்ணே. முடிச்சுருங்க." முதலில் தானே ஓட்டப்போவதாக மாப்பிள்ளை சொன்னார்.

உட்கார்ந்து பெடலை அழுத்திப் பார்த்தேன். பிராக்கெட் லேசாக அசைந்தது. கீழே படுத்து டார்ச் அடித்தேன். வெல்டிங் மேலாகப் பூசினாற்போல் இருந்தது, உள்ளே இறங்கவே இல்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, இதை அறுத்துப் புதிதாகப் போடணும் என்றேன்.

"அது அப்பா கடைசியாப் பத்தவச்சது மாமா. வேற எதுல வேணாலும் கை வைங்க. அத மட்டும் தொடாதீங்க."

'சரி மாப்பிள்ளை' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது, சம்பந்தி. பழக்கதோஷம். ஆனால் அந்த சீட்டில் உட்காரப்போவது உங்கள் மகன். என் மகளின் புருஷன். வார்த்தையை விழுங்கிக்கொண்டு சொன்னேன். "தப்பு மாப்ள. ஒங்க அப்பா பத்தவச்சது தப்பு."

அவர் முகத்தை நீங்கள் பார்க்காமல் போனதே நல்லது. எழுந்து வெளியே போய்விட்டார். சுதா என்ன சொல்வாள், சம்பந்தியம்மா என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் ஓடியது. ஓடட்டும் என்று கிரைண்டரைப் போட்டேன். பாதிகூட அறுக்கவில்லை, சுத்தியலால் ஒரு தட்டு, பிராக்கெட் கையோடு வந்துவிட்டது. நிமிர்ந்தால் மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார். வாங்கித் திருப்பிப் பார்த்தார். "உள்ள பிடிக்கவே இல்லையே மாமா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். அப்புறம் பின்னால் தடித்த பிளேட் வைத்து, இரண்டு பேருமாகப் பற்றவைத்தோம். பழையதை அவர் துணியில் சுற்றி உள்ளே எடுத்துப்போனார்.

இன்று காலை சமயநல்லூர். சம்பந்தி, என்ன சத்தம் தெரியுமா! கரட்டுப் பக்கம் மேய்ந்த மாடெல்லாம் தலை தூக்கிப் பார்த்தது. ஓரத்தில் சம்பந்தியம்மாவும் சுதாவும் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை மிதித்தார் பாருங்கள், என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. புழுதி, காற்று, கண்ணில் தண்ணீர். "யப்பா!" என்று கத்தியது அவரா நானா தெரியவில்லை. எதிரே வரப்பு வந்துகொண்டே இருக்கிறது. பிரேக்கை மிதித்தார். வண்டி சேற்றில் நட்டாற்போல் நின்றது. வரப்புக்கு நாலடி மிச்சம்.

மாப்பிள்ளை இன்ஜினை அணைத்தார். அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார். நன்றி கின்றி என்று ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

"மாமா, நீங்க செஞ்ச சீட்டு தப்பு. இடுப்பு ஒடியுது."

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! அளவெடுத்துச் செய்த சீட்டு அது. முதுகை வளைத்து உட்கார்ந்தால் இடுப்பு ஒடியாமல் என்ன செய்யும்? அவர் விடவில்லை, நானும் விடவில்லை. விளாங்குடி வந்து சேரும்வரை சண்டை. நீங்கள் போனதிலிருந்து உங்கள் வீட்டில் எல்லாரும் எனக்கு மரியாதை கொடுத்தே கொன்றுவிட்டார்கள், சம்பந்தி. இன்றைக்குத்தான் ஒரு மனுஷர் என்னோடு சண்டை போட்டார்.

நாளைக்குச் சீட்டைக் கழற்றுகிறோம்.