சூட்டில் கரைந்த பளிங்குகள்

இன்று காலை ஆய்வுகூடத்தைத் திறந்தபோது கரைப்பானின் இனிப்பு மணம் முகத்தில் அடித்தது. யாரோ போத்தலைச் சரியாக மூடவில்லை. நீர் உயிரோடு இருந்திருந்தால் துறைமுகம் வரை கேட்கக் கத்தியிருப்பீர். நான் யன்னலைத் திறந்துவிட்டு வெளியே நின்றேன். உம்முடைய ஞாபகம் வந்தது.

நாம் இருவரும் செய்த வேலையைச் சொல்வது இலகு. உடம்புக்குள் தானாகக் கரைந்துபோகும் பொலிமரில், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உருண்டைகள், அவற்றுக்குள் மருந்து. மாதம் ஒரு ஊசி போதும், திரியாய்க் கிராமத்துச் சனம் ஒவ்வொரு கிழமையும் பஸ் ஏறி கிளினிக்குக்கு வரத் தேவையில்லை. கஷ்டமான கேள்வி ஒன்றுதான்: உருண்டைக்குள் மருந்து எந்த நிலையில் இருக்கிறது? பொலிமரோடு ஒன்றாகக் கலந்திருக்கிறதா, சீனிமணி போலத் தனிப் பளிங்குகளாகக் கிடக்கிறதா? பளிங்குகள் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஊசி போட்ட அன்றே பெரும்பகுதி மருந்து உடம்பில் இறங்கிவிடும்.

உருண்டைகளைக் கருவியில் வைத்துச் சூடாக்கி, அவை உறிஞ்சும் வெப்பத்தை வரைபடமாகப் பார்த்தோம். பளிங்கு இருந்தால், அது உருகும் வெப்பநிலையில் வரைபடத்தின் கோடு பள்ளமாக இறங்க வேண்டும். கோடு நேராகப் போனது. பளிங்கே இல்லை என்று நான் கை தட்டினேன். உமது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அது. இனிச் சிகிச்சை பலிக்காது என்று வைத்தியர் உமக்குச் சொல்லியிருந்த நேரம். அப்படியே எழுதிக் கொடுத்தால் பட்டத்தை நீர் கண்ணால் கண்டுவிடுவீர் என்று நினைத்தேன்.

நீர் கதிரையில் சாய்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்.

"தேத்தண்ணிக்குள்ள சீனி கரையாமல் கிடக்கோ எண்டு பாக்க, அதைக் கொதிக்க வைப்பீரோ?"

"விளங்கேல்ல."

"சூடாக்கேக்க பொலிமர் இளகுது. மருந்து உருகிறதுக்கு முன்னமே அதுக்குள்ள கரைஞ்சு போடும். பிறகு பள்ளம் எங்கால வாறது?"

மருந்தில்லாத வெறும் உருண்டைகளை எடுத்து, மருந்துப் பளிங்குகளை உம் கையாலேயே அவற்றோடு கலந்தீர். பளிங்கு இருப்பது நம் இருவருக்கும் தெரியும். அதே மாதிரிச் சூடாக்கினோம். அதே நேர்கோடுதான் வந்தது. இனி முதல் கோட்டை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது.

"இதை ஒருத்தரும் கேக்கமாட்டினம். குடுத்துவிடும்," என்றேன்.

"ஊசி போடுற சனத்துக்கு ஆர் சொல்லுறது? நீர் சொல்லுவீரோ?"

எனக்கு உம்மில் கோபம் வந்தது. பட்டம் உமக்கு, பிடிவாதமும் உமக்கே. சூடாக்காமல் எக்ஸ் கதிரில் பார்க்க மாதிரியை வெளியூருக்கு அனுப்பினோம். பளிங்கு இருக்கிறது என்று பதில் வந்தபோது நீர் ஆஸ்பத்திரியில் இருந்தீர். "அப்ப சரி, திரும்பச் செய்வம்," என்றீர். உருண்டை செய்யும்போது கரைப்பானை மெதுவாக ஆவியாகப் போகவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பின்னேரம் முழுக்க அதே கதைதான். செய்ய நாள் கிடைக்கவில்லை.

நீர் இறந்த அன்று அன்புவழிபுரத்தில் உம் வீட்டில் உமது தம்பி என்னைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கையில் மரண அறிவித்தல் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது.

"அக்கா, பேருக்கு முன்னால கலாநிதி எண்டு போடலாமோ? எல்லாம் முடிச்சவதானே. ஆர் கேக்கப் போகினம்?"

அவர் கண் சிவந்திருந்தது. ஓம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்று உமக்குத் தெரியாது.

"ஏலாது தம்பி," என்றேன். "அவ ஒத்துக்கொள்ளமாட்டா."

மறுநாள் பஸ் நிலையச் சுவரில் அது ஒட்டியிருந்தது. உமது படம், அதன் கீழே பெயர். பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஆட்கள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்க, நான் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று அழுதேன்.

உமது பெயரை இப்போதும் அப்படியேதான் சொல்கிறேன். சொல்லும்போது பெருமையாகவும் இருக்கிறது, உம்மில் கோபமாகவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றையும் விட எனக்கு மனமில்லை.