கச்சான் காலத்தில் சுட்ட மரக்கறி

மே 18, ஞாயிறு

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மேற்கே வயல் வட்டையெல்லாம் காய்ந்து, அந்த வெக்கையை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து ஏறாவூரில் கொட்டுகிறது. எங்கள் குசினிக்குக் கூரை தகரம். பகல் சமைக்கப் போனால் நானும் சேர்ந்து வேகிறேன்.

வியாழக்கிழமை என் கணவர் அம்ஜத்தைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். இரத்தத்தில் சீனி இறங்கவில்லை. டொக்டர் குளிசையைக் கூட்டினார். வெளியே வந்த பிறகு நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், குளிசை மட்டும் போதாது. ராவைக்குச் சோத்தைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, மரக்கறியைக் கூட்டுங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் யார் மரக்கறி தின்கிறது? ஷஸ்னாவுக்குப் பதினாலு வயது, கோழிதான் வேண்டும். ஹில்மிக்கு எட்டு வயது, சோற்றில் பச்சை நிறம் தெரிந்தாலே பீங்கானைத் தள்ளிவிடுவான். அவர்களின் வாப்பா பத்துப் பதினொரு வருசம் தோஹாவில் ஒரு ஹோட்டலில் இறைச்சி சுட்டவர். மாசியில் ஒரேயடியாக வந்துவிட்டார். இனிப் போவதில்லை என்றார். வந்ததிலிருந்து ஒரு நாள்கூட அடுப்படிக்கு வரவில்லை. வாசலில் கதிரையைப் போட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

குசினி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், வேப்பமரத்துக்குக் கீழே தணல் போட்டு மரக்கறியைச் சுட்டால் என்ன? மேசன்மார் விட்டுப்போன அரைப் பீப்பாய் ஒன்று கிணற்றடியில் கிடக்கிறது. ஹாட்வெயார் கடையில் கம்பிவலை வாங்கலாம்.

செய்து பார்ப்போம்.

மே 20, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டதும் சந்தை. கண்ணகைக்காவிடம் போனேன். கரடியனாற்றிலிருந்து சொந்தத் தோட்டத்து மரக்கறியை பஸ்ஸில் ஏற்றி வருகிறவ. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"என்ன டீச்சர், ஒவ்வொண்டாத் தட்டிப் பாக்கிறீங்க. மாப்பிள்ளை பாக்கிற மாதிரியெல்லோ இரிக்கு."

சுடப்போகிறேன் என்றேன்.

"சுடவோ? மரக்கறியையோ?" ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சிரித்தா. "சரி, எடுங்க. நல்லா வந்தாச் சொல்லுங்க, நானும் சுடுறன்."

கத்தரி, வெண்டி, பீர்க்கு, தக்காளி வாங்கினேன். எது தணலுக்கு நிற்கும் எது நிற்காது என்று அவவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மே 21, புதன்

எதுவும் நிற்கவில்லை.

பீர்க்கு தண்ணீர் விட்டுத் தணலையே அணைத்தது. வெண்டி கம்பிவலைக்குள்ளால் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. கத்தரி வெளியே கரி, உள்ளே பச்சை. தக்காளியைப் பற்றி எழுத வேண்டாம். ஹில்மி விழுந்து விழுந்து சிரித்தான். ஷஸ்னா மூக்கைப் பொத்திக்கொண்டு, "உம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க நெருப்புப் பிடிச்சிட்டெண்டு வரப்போறாங்க" என்றாள்.

அம்ஜத் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார்.  ஆனால் நான் இடுக்கியால் கத்தரியைப் புரட்டும்போது அவர் கை மடியில் இலேசாக அசைந்ததைப் பார்த்தேன். என் பிரமையோ?

கடைசியில் பராட்டா வாங்கிச் சாப்பிட்டோம். சீனிக்காரருக்கு நல்ல சாப்பாடு.

மே 25, ஞாயிறு

பிரமை இல்லை.

இன்று பின்னேரம் மறுபடி மூட்டினேன். பீர்க்கை விட்டுவிட்டேன். பூசணி, கறிமிளகாய், வெண்டி, கொஞ்சம் பெரிய கத்தரி. சுவாலை எரிந்துகொண்டிருக்கும்போதே வெண்டியை வலையில் வைக்கப் போனேன். கதிரை கிறீச்சென்றது.

"புள்ள, பொறு. நெருப்பில வெக்காத. நெருப்பு சாகட்டும். தணல் வெள்ளை பூத்த பிறகுதான் வெக்கணும்."

இடுக்கியை வாங்கினார். வெண்டியைக் கழுவிய ஈரத்தோடு வைத்திருந்தேன். ஒரு துணியில் துடைக்கச் சொன்னார். நாலைந்தாகச் சேர்த்து ஈர்க்கில் குறுக்கே குத்தினார், இனி எப்படி விழும்? பூசணியை விரல் தடிப்பில், தோலோடு. கத்தரியை நீட்டாகப் பிளந்து, உப்புப் போட்டு வைத்து, ஊறிய தண்ணீரைத் துடைத்து. ஒரு கரண்டி எண்ணெயில் உள்ளிப்பூடும் மிளகும் இடித்துப் போட்டு, எல்லாவற்றுக்கும் அதையே தடவினார். தணலை ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்தார். அந்த மனிசன் நெருப்பை விலக்கியதைப் பார்க்க வேண்டும். வந்ததிலிருந்து கண்டிராத ஒருவர் அங்கே நின்றார்.

இறக்கும்போது தேசிக்காய் பிழிந்தார். கத்தரி வாயில் வைத்ததும் கரைந்தது. பூசணி ஓரத்தில் கருகி உள்ளே இனித்தது. ஷஸ்னா கறிமிளகாயை வலையிலிருந்தே எடுத்துத் தின்றாள்.

ஹில்மி ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பிறக்கும்போது வாப்பா தோஹாவில். விடுமுறைக்கு வந்து போகிற ஆள்தான் அவனுக்கு வாப்பா. இப்போதும் நேரே பேச மாட்டான், என்னிடம் சொல்லித்தான் சொல்லுவான். "உம்மா, இது கசக்குமாண்டு கேளுங்க" என்றான்.

அம்ஜத் அவனைப் பார்க்காமலே, வலையைப் பார்த்துக்கொண்டு, "கசக்காது மனே. ஒண்டு கடிச்சுப் பாரு" என்றார்.

கடித்தான்.

மே 29, வியாழன்

ஹில்மி வெண்டிக்காய் கேட்டான். அவனாகவே.

ஜூன் 1, ஞாயிறு

அம்ஜத் என்னோடு சந்தைக்கு வந்தார். கண்ணகைக்கா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓ, இவர்தானோ சுடுற ஆள்" என்றா. அவருக்கு வெட்கம்.

இப்போது எங்களுக்குக் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. தண்ணீர்க்காய் வேண்டாம், பீர்க்கு, புடோல் இரண்டும் கறிக்குத்தான். தடித்த சதை உள்ளது நிற்கும். வெண்டி என்றால் நுனி ஒடிய வேண்டும், முற்றினால் நார். பயித்தங்காயை முடிச்சுப் போட்டுச் சுட்டால் பிள்ளைகளுக்கு விளையாட்டு. சோளனும் இனிப்பு வத்தாளங்கிழங்கும் பிள்ளைகளுக்கு, அவருக்கு ஒரு துண்டுதான். அதையும் நர்ஸிடம் கேட்டுக்கொண்டேன். பாகற்காயைத் தயிரில் ஊறப்போட்டுச் சுடலாமென்பது ஷஸ்னாவின் யோசனை. கசந்தது. ஆனாலும் அவளே செய்ததால் முகத்தைச் சுளிக்காமல் முழுவதையும் தின்றாள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு நாலு பேரும் வாவிக்கரைப் பக்கம் நடந்தோம். தண்ணீருக்கு மேலால் வருகிற காற்று கொஞ்சம் குளிர். வாப்பாவும் மகனும் முன்னால் போனார்கள். ஹில்மி ஏதோ கேட்கிறான், அவர் குனிந்து பதில் சொல்கிறார். நான் நடுவில் இல்லை. எனக்கு இது போதும்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். காலையிலிருந்து குர்பான் இறைச்சி வந்தபடி. சொந்தக்காரர் எல்லாரும் எங்கள் வேப்பமரத்துக்குக் கீழே. அவர்தானே சுடுகிறவர். நான் மனதுக்குள் பயந்துகொண்டேயிருந்தேன். இறைச்சியே கதியென்றிருந்த தோஹா ஆள் திரும்பி வந்துவிடுவாரோ என்று.

ஷஸ்னா வலையில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பக்கம் மரக்கறி, ஆரும் இறைச்சி வெக்கப்படாது." வாப்பா இறைச்சியைப் புரட்ட, மகள் கத்தரியைப் புரட்ட. அவர் தன் பீங்கானில் இரண்டு துண்டு இறைச்சி வைத்தார். மீதியெல்லாம் மகள் பக்கத்திலிருந்துதான்.  

ஜூன் 12, வியாழன்

இறங்கியிருக்கிறது. சீனி நன்றாகவே இறங்கியிருக்கிறது. டொக்டர் இரண்டு தரம் பார்த்தார். "இப்பிடியே போங்க" என்றார்.

அம்ஜத்துக்கு என்னைவிடச் சந்தோசம். கிளினிக் கேற்றடியிலேயே யாருக்கோ ஃபோன் எடுத்தார்.

ஜூன் 15, ஞாயிறு

சாப்பிட்டு முடிந்து பிள்ளைகள் உள்ளே போன பிறகு, தணலைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"ஒரு விசயம் சொல்லணும் புள்ள. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற காத்தான்குடி சரீப் காக்கா ஒரு இடம் பாத்திரிக்கார். தோஹாவிலதான், வேற ஹோட்டல். மெடிக்கல் பாஸ் பண்ணணும். சீனி இறங்கினா எடுப்பாங்க எண்டவர். இப்ப இறங்கிட்டுத்தானே."

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். பெருநாளைக்கு முதலே என்றார். சீனி இறங்கியது என்றதும் அவர் முகத்தில் கண்டது அதுதானா?

நான் கேட்டேன்: "அப்ப நான் சுட்டுத் தந்ததெல்லாம் உங்கள அனுப்பவா?"

"அப்பிடியில்ல புள்ள."

"பின்ன எப்பிடி?"

இடுக்கியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இஞ்ச நான் ஆரு? ஒங்கட வீட்டில விருந்தாளி. நீ பள்ளிக்குப் போறாய், புள்ளைகள் போறாங்க. நான் கதிரையில இரிக்கன். அங்க போனா எனக்கொரு வேலை இரிக்கு."

எழுந்து உள்ளே வந்துவிட்டேன். என்ன மனிசன் இது. ஒங்கட வீடாம். விருந்தாளியாம். ஆர் சொன்ன? நானா சொன்னன்? ஒருநாளாவது சொன்னனா? தெரியல்ல. எனக்கு ஒண்டும் தெரியல்ல.

ஜூன் 16, திங்கள்

சோறும் மீன் ஆணமும். பீப்பாய் கிணற்றடியில்.

ஜூன் 18, புதன்

கண்ணகைக்காவிடம் வெங்காயம் மட்டும் வாங்கினேன். "என்ன டீச்சர், நல்ல கத்தரி கிடக்கு, பாக்கவுமில்ல" என்றா. தலையிடி என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. ஒரு பிடி கறிமிளகாயைப் பையில் போட்டுவிட்டா.

வரும் வழியில் ஒரு நினைப்பு. வட்டிலப்பம் செய்தால்? தேங்காய்ப்பால், கருப்பட்டி, முட்டை. அவருக்குப் பைத்தியம் அதில். இரண்டு கிழமை தொடர்ந்து கொடுத்தால் ஒரு மெடிக்கலிலும் பாஸ் பண்ண மாட்டார். கடை வாசலில் நின்றேன். கருப்பட்டியைக் கேட்டும்விட்டேன். கடைக்காரர் எடுத்து வைத்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். 

ஜூன் 22, ஞாயிறு

பீப்பாயை நானே உருட்டி வந்து மூட்டினேன். அவர் கதிரையில். எழும்பவில்லை, கூப்பிடாமல் வர அவருக்குத் துணிவில்லை. வெள்ளை பூக்கும்வரை காத்திருந்தேன். கண்ணகைக்கா தந்த கறிமிளகாய், பூசணி, வெண்டி.

அவர் நல்லா இருக்க வேணும். அவ்வளவுதான். போகிறதென்றாலும் நல்லா இருந்து போகட்டும். இதை எழுதவே ஒரு கிழமை பிடித்தது.

"கத்தரி எங்க?" என்று ஷஸ்னா கேட்டாள். அப்போது அவர் எழும்பி வந்து, "நாளைக்கு வாங்குவம்" என்றார். இடுக்கியைக் கொடுத்தேன்.

ஜூலை 3, வியாழன்

மெடிக்கல் பாஸ்.

வாழ்த்துச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன்.

பின்னேரம் அவரும் நானும் மட்டும் வாவிக்கரையில். தோணிக்காரர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் யோசித்துப் பார்த்தேன்: முதல் தரம் போகும்போதும், பிறகு ஒவ்வொரு விடுமுறை முடியும்போதும் இவர் "போகட்டா?" என்று கேட்பார். நான் "உங்கட விருப்பம்" என்பேன். அது மரியாதை என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

"இஞ்சப் பாருங்க. இந்த முறை என்னட்டக் கேளுங்க."

"என்ன கேக்க?"

"போகட்டாண்டு கேளுங்க."

என் பக்கம் திரும்பினார். "போகட்டா புள்ள?"

"போகாதீங்க," என்றேன். "எனக்கு நீங்க வேணும். சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்ல. வேலை வேணுமெண்டா இஞ்ச தேடுங்க, நானும் தேடுறன். ஆனா போகாதீங்க."

 எழும்பும்போது என் கையைப் பிடித்துத் தூக்கினார். வீதிக்கு ஏறும்வரை விடவில்லை. ஆட்கள் பார்ப்பார்கள் என்று எனக்குத்தான் கூச்சம்.

ஜூலை 9, புதன்

காலையில் வெள்ளைச் சேட் போட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். சரீப் காக்காவிடம் என்று நினைத்தேன். வாசலில் நின்று பார்த்தேன். காத்தான்குடிக்கென்றால் தெற்கே திரும்ப வேண்டும். அவர் வடக்கே திரும்பினார்.

பாடம் எதிலும் மனம் நிற்கவில்லை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தார். முகமெல்லாம் புழுதி.

"பாசிக்குடாப் பக்கம் போனன். ஹோட்டல் ஹோட்டலா ஏறி எறங்கினன். நாலு இடத்தில இல்லெண்டாங்க. ஒரு இடத்தில மீன் சுட்டுக் காட்டச் சொன்னாங்க."

"பின்ன?"

"சுட்டன். பக்கத்தில கத்தரிக்காயும் பூசணியும் வெச்சன். வெள்ளைக்காரப் பொம்புளை ஒருத்தி மீன விட்டுட்டு அதத்தான் கேட்டாவாம்." தண்ணீர் குடித்தார். "திங்கக்கிழமை வரச் சொன்னாங்க. சம்பளம் அங்கத்த மாதிரியில்ல, புள்ள."

"சரீப் காக்கா?"

"போகல்லெண்டு வரயிலேயே சொல்லிட்டன்."

நான் குசினிக்குள் போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன். தகரக் கூரை வெக்கை கண்ணில் பட்டது என்று ஷஸ்னாவிடம் சொன்னேன்.

ஜூலை 24, வியாழன்

கிளினிக். சீனி இறங்கியபடியே நிற்கிறது. தாள் எடுத்து நர்ஸ் எங்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார்: தணல், உள்ளி, மிளகு, தேசிக்காய்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஞாயிறும் அவருக்குப் பாசிக்குடா ஹோட்டலில் வேலை. விருந்தாளிகள் கூடுகிற நாளாம். ஷஸ்னா தணலுக்குப் பொறுப்பு, யாரையும் கிட்ட விடவில்லை. வாழைப்பூவைச் சுட்டுப் பார்த்தோம். முதல் தரம், பரவாயில்லை. உப்புத் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் ஊற வேண்டும்.

காற்று இன்று குறைவு. பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் எல்லாருக்கும் பங்கு வைத்தேன். பிள்ளைகள் இருவரும் வேகமாகத் தின்றார்கள். வலையில் கடைசிக் கத்தரித் துண்டுகள் இருந்தன. நான் எடுக்கப் போனேன்.

ஹில்மி என் கையைத் தட்டிவிட்டான்.

"உம்மா, அது வாப்பாட. அவர் வந்து சாப்பிடுவார். மூடி வைங்க."

மூடி வைத்தேன்.